மைக் செட் முதல் கார் ஆம்ப்ளிபயர் வரை

பாஸ்கா பார்க்க ஆவூருக்கு வந்த பேரன் இந்த முறை சொந்தக் காரில் வந்து இறங்கினான். செகண்ட் ஹேண்ட் வண்டிதான். வாங்கிய கையோடு ஒரு ஆம்ப்ளிபயரும் நாலு ஸ்பீக்கரும் மாட்டியிருக்கிறான். வாசலில் நிறுத்திப் பாட்டைப் போட்டதும் திண்ணையில் படுத்திருந்த பூனை எழுந்து ஓடிவிட்டது.

"எப்படி தாத்தா இருக்கு?"

"சத்தம் இருக்குடா. பாட்டைத்தான் காணோம்."

பையன் முகம் வாடிவிட்டது. சத்தம் கூட்டினால் குரல் கரகரவென்று உடைகிறது. இஞ்சினை ஓட விட்டால் பாட்டுக்கு நடுவே ஒரு ரீங்காரம். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது. மாட்டிக் கொடுத்தவர், "எல்லா வண்டியிலயும் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"நாளைக்குக் காலையில உக்காந்து பாப்போம். மல்டிமீட்டர் என்கிட்ட இருக்கு" என்றேன். "உங்களுக்கு கார் ஆம்ப்ளிபயர் எல்லாம் தெரியுமா தாத்தா?" என்று கேட்டான். தொலைபேசித் துறையில் 35 வருடம் குப்பை கொட்டியவன் நான். அதற்கும் முன்னால், பள்ளிக்கூட விடுமுறைகளில், பக்கத்து ஊர் மைக் செட்காரர் ஒருவருக்கு எடுபிடியாக இருந்தவன். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். காரில் ஆம்ப்ளிபயர் கட்டும் வித்தையை அவரிடம்தான் கற்றேன். அந்தக் கதையைப் பேரனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

மைக் இல்லாத காலம்

நம்ம ஊர் பெரியநாயகி மாதா கோயிலோடு வீரமாமுனிவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். அவர் காலத்தில் பிரசங்கம் செய்தவர்களுக்கெல்லாம் மைக் ஏது? தொண்டைதான் மைக். கூட்டத்தின் அளவைத் தீர்மானித்ததே பேசுகிறவரின் தொண்டைதான். அமெரிக்காவில் 1739-ல் ஜார்ஜ் வைட்பீல்டு என்ற பாதிரியார் திறந்த வெளியில் பிரசங்கம் செய்தபோது, பெஞ்சமின் பிராங்க்ளின் பின்னால் நடந்துகொண்டே போய், எந்த இடம் வரை குரல் தெளிவாகக் கேட்கிறது என்று பார்த்தார். அந்தத் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, 30,000 பேருக்கு மேல் அவர் குரலைக் கேட்க முடியும் என்று எழுதினார். வெறும் தொண்டைக்கு அது பெரிய எண்ணிக்கை. நம் பக்கம் தண்டோரா போடுகிறவர் தப்படித்து, தெருவுக்குத் தெரு நின்று சொல்லிக்கொண்டு போனார்.

இதை மாற்றியது வெற்றிடக் குழாய், அதாவது நாம் 'வால்வு' என்று சொன்னது. லீ டி பாரஸ்ட் 1906-ல் மூன்று முனை வால்வைச் செய்தார். அதன் நடுவில் உள்ள கம்பி வலைக்குச் சிறிய மின்னழுத்தம் கொடுத்தால், வால்வு வழியாகப் போகும் பெரிய மின்னோட்டம் அதற்கு ஏற்றபடி கூடிக் குறையும். வாய்க்கால் மடையை லேசாகத் தூக்கினால் தண்ணீர் பெருகி வருவதுபோல. மடையைத் தூக்குகிறவன் தண்ணீரை உண்டாக்குவதில்லை. தண்ணீர் ஏரியில் இருக்கிறது. ஆம்ப்ளிபயரும் அப்படித்தான். அது சக்தியை உண்டாக்குவதில்லை. பேட்டரியிலோ மின்சாரத்திலோ இருக்கும் சக்தியை, குரல் எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படித் திறந்து விடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

இந்த வால்வை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது எங்கள் தொலைபேசித் துறைதான் என்பதில் எனக்கு ஒரு பெருமை. நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 1915 ஜனவரியில் பேச முடிந்தது என்றால், வழியில் தேய்ந்து போகும் குரலை வால்வு ஆம்ப்ளிபயர்கள் தூக்கி விட்டதால்தான். அதே வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இரண்டு பேர் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெரும் கூட்டத்துக்கு ஒலிபெருக்கியில் பாட்டும் பேச்சும் கேட்க வைத்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'மேக்னவாக்ஸ்'. லத்தீனில் பெரிய குரல் என்று அர்த்தம். 1919-ல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியாகோவில் சுமார் 50,000 பேர் முன்னால் அதே கருவியில் பேசினார். அதன் பிறகு கூட்டத்துக்குத் தொண்டை எல்லையாக இல்லை.

நம் பக்கம் வந்தது

சென்னையில் 1924-ல் ரேடியோ கிளப் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 1930-ல் சென்னை மாநகராட்சி அதை நடத்த ஆரம்பித்தது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் வந்தது. நமக்கு அதுதான் சொந்த வானொலி. 1931-ல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப் படம் பேச ஆரம்பித்த பிறகு, டூரிங் டாக்கீஸ் போன ஊருக்கெல்லாம் ஆம்ப்ளிபயரும் போனது. காட்சி தொடங்கப் போகிறது என்பதைக் கொட்டகை உச்சியில் கட்டிய குழாயில் வரும் பாட்டைக் கேட்டுத்தான் சுற்று வட்டாரமே தெரிந்துகொள்ளும்.

அரசியல் மேடைகளில் ஒரு பெயரை உங்களில் பலர் போட்டோக்களில் பார்த்திருப்பீர்கள். காந்தியும் நேருவும் பேசும் படங்களில் மைக்கின் மேல் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருக்கும். பெயர்தான் சிகாகோ. நடத்தியது சிந்து மாகாணத்திலிருந்து வந்த மோட்வானி குடும்பம். காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி வைப்பதை அவர்கள் ஒரு தொண்டாகவே செய்தார்கள். பிறகு டில்லியில் 1940-ல் தொடங்கிய 'அகுஜா' வந்தது. நம் பக்கத்து மைக் செட்காரர்களுக்கு ஆம்ப்ளிபயர் என்றாலே அகுஜாதான் என்று ஆகிப்போனது.

தமிழ்நாட்டில் மைக்குக்குத் தனி மரியாதை உண்டு. அண்ணாவும் கலைஞரும் பேசிய அடுக்குமொழி, கிசுகிசுப்பான குரலில் தொடங்கி மெல்ல ஏறும் பேச்சு, இதெல்லாம் வெறும் தொண்டையை நம்பிப் பேச முடியாத பேச்சு. அடித்தொண்டையில் மெதுவாகச் சொன்ன ஒரு சொல் ஆயிரம் பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால், நடுவில் நல்ல ஆம்ப்ளிபயர் வேண்டும். மேடையில் பேசியவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் திருகுகளோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அண்ணனின் மைக் செட்

அண்ணனிடம் இருந்தவை: ஒரு வால்வு ஆம்ப்ளிபயர், நாலு குழாய், நாலு யூனிட், இரண்டு மைக், ஒரு ரிக்கார்டு பிளேயர், ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள், இரண்டு 12 வோல்ட் பேட்டரி. பல ஊர்களுக்கு அப்போது கரண்டு வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் கல்யாண வீட்டுக்கு வந்திருக்காது. அதனால் பேட்டரிதான் உயிர். சார்ஜ் போடுவதற்கு அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கீரனூர் வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். ஆசிட் பட்டு ஓட்டை விழாத கால்சட்டை என்னிடம் இருந்ததில்லை.

வால்வு வேலை செய்ய 250, 300 வோல்ட் வேண்டும். பேட்டரியில் இருப்பது 12. இதை எப்படி ஏற்றினார்கள் என்று தொலைபேசித் துறைக்கு வந்த பிறகுதான் சரியாகப் புரிந்தது. ஆம்ப்ளிபயருக்குள் 'வைபிரேட்டர்' என்று ஒரு சின்ன டப்பா இருக்கும். அதற்குள் ஒரு தகடு, பள்ளிக்கூட மின்சார மணி மாதிரி, வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் ஆடி, பேட்டரி மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும். விட்டு விட்டு வருவதை டிரான்ஸ்பார்மரில் விட்டால் வோல்டேஜை ஏற்றலாம். அதை மறுபடி நேர் மின்சாரமாக்கி வால்வுக்குக் கொடுப்பார்கள். ஆம்ப்ளிபயரைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வருமே, அதில் பாதி இந்த டப்பாவுடையதுதான்.

1967 தேர்தலில்தான் காரில் மைக் கட்டும் வேலை எனக்குப் பழக்கமானது. காரின் தலையில் கேரியர், அதில் முன்னே ஒரு குழாய், பின்னே ஒரு குழாய். பின் சீட்டில் ஆம்ப்ளிபயரும் நானும். காலையில் ஒரு கட்சி, மாலையில் எதிர்க் கட்சி. கொடியை மட்டும் மாற்றுவார்கள். ஆம்ப்ளிபயரும் பையனும் அதேதான்.

அந்தத் தேர்தலில் ஒரு நாள் புகை வந்தது. யாரோ கொண்டுவந்த பழைய இங்கிலாந்து கார். வழக்கம்போல ஆம்ப்ளிபயரைச் சீட்டுக்குக் கீழே இரும்புத் தரையில் வைத்து ஒயரைக் கொடுத்தேன். பியூஸ் போனது. அவசரத்தில் பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றினேன். ஒயர் உருகி, சீட்டிலிருந்த தேங்காய் நார் புகைய ஆரம்பித்துவிட்டது. அண்ணன் ஓடிவந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பேட்டரியைக் காட்டி, "எந்த முனை பாடியில கட்டியிருக்குன்னு பாத்தியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பழைய இங்கிலாந்து வண்டிகளில் பாசிட்டிவ் முனையை வண்டி பாடியில் கட்டியிருப்பார்கள். எங்கள் ஆம்ப்ளிபயர் பெட்டியோ நெகட்டிவ். பெட்டி தரையைத் தொட்டதும் பேட்டரியின் இரண்டு முனையும் சேர்ந்துவிட்டது. அன்று முதல் பெட்டிக்கு அடியில் ஒரு மரப்பலகை.

மூன்று பாடங்கள்

அண்ணன் எட்டாவது வரைதான் படித்தவர். அவர் சொன்ன மூன்று விஷயத்தை நான் பிற்பாடு பயிற்சி வகுப்பில் கணக்கோடு படித்தேன். கணக்கு புதிது, விஷயம் பழையது.

முதலாவது எர்த். ஆம்ப்ளிபயர், ரிக்கார்டு பிளேயர், மைக் எல்லாவற்றுக்கும் எர்த் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்பார். இரண்டு இடத்தில் போட்டால், அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் பாட்டோடு கலந்து முனகலாக வரும்.

இரண்டாவது பொருத்தம். ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் 4, 8, 16 என்று முனைகள் இருக்கும். அது ஓம் கணக்கு. எங்கள் யூனிட் ஒவ்வொன்றும் 16 ஓம். ஒரு குழாய் என்றால் 16-ல் கொடு. இரண்டை இணையாகச் சேர்த்தால் 8-ல் கொடு. நாலைச் சேர்த்தால் 4-ல் கொடு. மாற்றிக் கொடுத்தால் சத்தமும் குறையும், வால்வும் சூடாகும். தூரத்துத் தெருவுக்கு ஒயர் இழுக்க வேண்டும் என்றால் 100 வோல்ட் லைன் முனை. மின்வாரியம் தூரத்துக்கு உயர் அழுத்தத்தில் அனுப்புகிற அதே காரணம்தான்: வோல்டேஜ் கூடினால் ஓடும் கரண்டு குறையும், ஒயரில் வீணாவதும் குறையும்.

மூன்றாவதுதான் முக்கியம். மைக்கிலிருந்து வருவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட். ரிக்கார்டு பிளேயரின் முள்ளிலிருந்து வருவது அதைப்போல் நூறு மடங்குக்கு மேல். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு. அந்தத் திருகு, வருகிற சரக்கை ஆம்ப்ளிபயர் தாங்குகிற அளவுக்குப் பொருத்துவதற்காக உள்ளது. கூட்டம் பெரிது என்று அதைத் திருகிக்கொண்டே போனால் ஓர் இடத்துக்கு மேல் சத்தம் கூடாது, உடையத்தான் செய்யும். பேட்டரியில் இருப்பதற்கு மேல் ஆம்ப்ளிபயரால் கொடுக்க முடியாது. மேடும் பள்ளமுமாக வர வேண்டிய அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டு வரும். அதுதான் கரகரப்பு. அப்படி வெட்டுப்பட்டு வரும் சத்தத்தில் ஸ்பீக்கருக்குள் சூடு ஏறும். பத்து நிமிடம் வைத்தால் யூனிட்டின் டயாபிரம் கருகி, மறுநாள் வாங்கின கூலியெல்லாம் அதற்கே போய்விடும்.

அண்ணன் திருகு வைக்கும் முறை இது. என்னை மேடையில் பேசச் சொல்லிவிட்டு அவர் கூட்டத்தின் கடைசிக்கு நடந்து போவார். பிறகு முதல் வரிசைக்கு வருவார். "கடைசியில நிக்கிறவனுக்கு வார்த்தை புரியணும். முதல் வரிசைக்காரன் காதைப் பொத்தக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுலதான் திருகு." முதல் வரிசைக்காரன் காதைப் பொத்தினால் குழாயை உயரத்தில் கட்டுவார்; அல்லது தூரத்துக்கு இன்னொரு குழாய் போடுவார். திருகைத் தொட மாட்டார்.

காருக்குள் வந்த பாட்டு

காரின் தலையில் இருந்த ஆம்ப்ளிபயர் காருக்குள் வந்த கதை தனி. அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் 1930-ல் காருக்கென்று ரேடியோ செய்து விற்றார். அதற்கு வைத்த பெயர்தான் 'மோட்டரோலா'. அதற்குப் பிறகு வந்த வால்வு கார் ரேடியோக்களிலும் அண்ணன் ஆம்ப்ளிபயரில் இருந்த அதே வைபிரேட்டர்தான் ஆடிக்கொண்டிருந்தது. 1947-ல் டிரான்சிஸ்டர் கண்டுபிடித்த பிறகு 12 வோல்ட்டே போதும் என்றாகிவிட்டது. நம் ஊர் மைக் செட்களிலும் வால்வு போய், 'டூ என் 3055' என்ற இரும்புத் தொப்பி டிரான்சிஸ்டர் வந்தது. 1963-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட், எண்பதுகளில் நம் பக்கத்துத் தனியார் பஸ்களைப் பிடித்துக்கொண்டது. டிரைவருக்குப் பிடித்த பாட்டுக்காகவே ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் 12 வோல்ட்டுக்கு ஒரு எல்லை உண்டு. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 12 வோல்ட்டில் நேரடியாகக் கொடுத்தால் நாலைந்து வாட்தான் வரும். இரண்டு ஆம்ப்ளிபயரை எதிரும் புதிருமாகச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரைத் தள்ள வைத்தால் 18 வாட் வரை வரும். இஞ்சின் ஓடும்போது பேட்டரி 14 வோல்ட்டுக்கு மேல் ஏறும், அப்போது 25. அவ்வளவுதான். டேஷ்போர்டு செட்டின் அட்டைப்பெட்டியில் '50 வாட், நாலு' என்று அச்சடித்திருந்தால், அது கணநேரம் எட்டும் உச்சத்தைச் சொல்வது.

அதற்கு மேல் வேண்டும் என்பவர்களுக்காகத்தான் தனி ஆம்ப்ளிபயர். பேரன் டிக்கியில் மாட்டியிருந்த பெட்டியைத் திறந்து காட்டினேன். உள்ளே வளையம் போல ஒரு டிரான்ஸ்பார்மர். பேட்டரி மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டுக் கொடுத்து, வோல்டேஜை ஏற்றி, அதில் ஆம்ப்ளிபயரை ஓட்டுகிறார்கள். அண்ணன் பெட்டியில் ஆடிய தகட்டின் வேலையேதான். தகடு போய் டிரான்சிஸ்டர் வந்திருக்கிறது. "அட, பழைய ஆளு!" என்று சிரித்துவிட்டேன். பேரனுக்கு ஒன்றும் புரியவில்லை.

பேரன் காருக்கு வைத்தியம்

முதலில் எர்த்தைப் பார்த்தேன். மாட்டியவர் எர்த் ஒயரைப் பெயின்டின் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார். பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியவைத்து, ஒயரை ஒரு முழத்துக்குள் குறுக்கி இறுக்கினோம். பாட்டு வரும் மெல்லிய ஒயரையும் பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரையும் ஒரே பக்கமாகக் கட்டியிருந்தார். பிரித்து, பாட்டு ஒயரை வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோனோம். ரீங்காரம் போன இடம் தெரியவில்லை.

அடுத்தது பியூஸ். அது ஆம்ப்ளிபயர் பக்கத்தில் இருந்தது. பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். வழியில் ஒயர் உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அந்த பியூஸ்தான். நாலு ஸ்பீக்கருக்கும் 50 வாட் வீதம் முழுசாகக் கொடுத்தால் பேட்டரியிலிருந்து 25 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டில் 230 வோல்ட்டில் இதே வேலைக்கு 2 ஆம்பியர் கூட ஆகாது. 12 வோல்ட்டில் ஒயர் ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். தேங்காய் நார் புகைந்த கதையை இந்த இடத்தில்தான் அவனுக்குச் சொன்னேன்.

பிறகு திருகு. கெயின் என்று எழுதியிருந்த திருகை முழுசாக வைத்திருந்தார்கள். அதைத் தரைமட்டத்துக்கு இறக்கினேன். பாஸ், டிரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்தோம். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, 1000 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுருதி ஒன்றைப் போனில் இறக்கிப் போட்டோம். செட்டின் வால்யூம் முக்கால் பங்கு. வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்டேஜ் கிடைக்கும். 50 பெருக்கல் 4, 200. அதன் வர்க்கமூலம் 14 சொச்சம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, முள் 14-க்கு வரும் வரை கெயினை ஏற்றி நிறுத்தினோம். அது கால் திருகுகூட இல்லை. கதவில் உள்ள சின்ன ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது போகாமல் தடுப்பைப் போட்டுவிட்டோம். தாங்க முடியாத தவில் அடியை அவற்றின் தலையில் கட்டினால் பாடகர் குரலும் சேர்ந்து நடுங்கும்.

ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டிப் பாட்டைப் போட்டான். ஒரு நிமிடம் பேசவே இல்லை. "தாத்தா, பின்னாடி வீணை இருக்கு இந்தப் பாட்டுல. இவ்வளவு நாள் கேட்டதே இல்ல" என்றான். "ஆனா சத்தம் முன்னைக்கு இப்பக் குறைச்சல்தான், இல்ல?" என்றும் கேட்டான். சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் காதுக்கு லேசாகக் கூடினதுபோலத்தான் தெரியும், சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய சக்தி பத்து மடங்கு வேண்டும் என்று விளக்கினேன். அந்தக் கடைசி முக்கால் திருகில் அவனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது கரகரப்புதான்.

ஒரு கல்யாண வீடு

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைப் பேரனிடம் அன்று சொல்லவில்லை.

தேர்தலுக்கு அடுத்த வருடம். அண்ணனுக்குக் காய்ச்சல். ஒரு கல்யாண வீட்டுக்கு என்னைத் தனியாக அனுப்பினார். இரவெல்லாம் பாட்டுப் போட வேண்டும். கல்யாண வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு அப்பாயி படுத்த படுக்கையாக இருந்தது. பத்து மணி வாக்கில் அதன் மகன் வந்து, "தம்பி, கொஞ்சம் குறைச்சு வையேன்" என்றார். குறைத்தேன். கல்யாண வீட்டுக்காரர் வந்து, "காசு குடுக்கிறது நானு. நாலு ஊருக்குக் கேக்க வேணாமா?" என்று திருகைத் தானே கூட்டிவிட்டுப் போனார். நடுச்சாமத்தில் அப்பாயியின் மகன் மறுபடி வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டை மாற்றிப் போட்டேன்.

விடியும் முன் அப்பாயி போய்விட்டது. வயதான உடம்பு, பாட்டுச் சத்தத்தால் போகவில்லை. காலையில் நான் குழாயை இறக்கிக்கொண்டிருந்தபோது மகன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "கடைசியா என்னமோ சொன்னுச்சு தம்பி. காதுல விழல" என்றார்.

ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000-ல்தான் வந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவும் சொன்னார்கள். அதே வருடம் சென்னையில் ஒரு ஜெபக்கூட வழக்கில், அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-ல் இன்னும் விரிவாக ஒரு தீர்ப்பு வந்தது. இப்போது கூம்புக் குழாய்களைப் போலீஸார் அனுமதிப்பதும் இல்லை. விதி வந்தபோது மைக் செட்காரர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். நான் வருத்தப்படவில்லை. என் கையில் அன்று அப்படி ஒரு விதி இருந்திருந்தால், கல்யாண வீட்டுக்காரரிடம் காட்டியிருப்பேன்.

கடைசி ஆம்ப்ளிபயர்

அண்ணனுக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு காதும் கேட்கவில்லை. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். நாங்கள் குழாய்க்குக் கீழேயே தூங்கியவர்கள்.

எனக்கும் இப்போது இடது காதில் மெஷின். அதைப் பொருத்திய திருச்சிப் பெண்பிள்ளை ஒவ்வொரு சுருதியாகக் கொடுத்து, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று குறித்துக்கொண்டார். மெல்லிய சத்தத்தை நிறையத் தூக்கி, பெரிய சத்தத்தைத் தூக்காமல் விட்டார். "முதல்ல எல்லாம் கம்மியாத் தெரியும் அய்யா, சத்தத்தைக் கூட்டச் சொல்லாதீங்க. வார்த்தை புரியுதான்னு மட்டும் பாருங்க" என்றார். அண்ணன் பேசுவதுபோல இருந்தது.

இந்த வருடம் பாஸ்காவுக்குப் பெட்டி ஸ்பீக்கர்கள்தான் வைத்திருந்தார்கள். பேரனைக் கூட்டிக்கொண்டு வேண்டுமென்றே கூட்டத்தின் கடைசியில் போய் நின்றேன். பிலாத்து பேசியது, மாதா அழுதது, ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பிறகு முன்வரிசைக்கு நடந்து போய்ப் பார்த்தேன். பாயில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

நாடகம் முடிந்ததும், மிக்சருக்குப் பக்கத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த பையனிடம் போனேன். "நல்லா வச்சிருந்தீங்க தம்பி" என்றேன். யாரும் அவனிடம் வந்து அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது. சுற்றிய ஒயரோடு எழுந்து நின்றுவிட்டான்.